சிறிய சோலரில் பெரிய மின்சாதனங்கள்: எது ஓடும், எது ஓடாது, ஏன்?

உயிலங்குளம் சந்தியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மீள்குடியேறிய குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது, வீட்டுத் திட்டம், கிணறு, வாழ்வாதார உதவி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எங்கள் களப் பணியாளர்களிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "சோலர் பூட்டியிருக்கிறம். லைற் எரியுது, போன் சார்ஜ் ஏறுது. கிறைண்டர் போடலாமோ? அயன் பண்ணலாமோ? மோட்டரைப் பூட்டித் தண்ணி இறைக்கலாமோ?"

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சூடாக்கும் சாதனம் எதையும் சிறிய சோலரில் போட வேண்டாம். மோட்டர் உள்ள சாதனங்களில் சிலவற்றைப் போடலாம். ஆனால் எதை, எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்துப் போட வேண்டும். தண்ணீர் இறைக்கலாம், ஆனால் கடையில் சாதாரணமாக விற்கும் மோட்டரால் அல்ல.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், தவறு நடந்தால் நட்டம் பெரிது. மீள்குடியேறியபோது கிடைத்த 25,000 ரூபாய் உதவித்தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, அல்லது காதில் கிடந்ததை அடைவு வைத்து, பற்றரியும் இன்வேட்டரும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் பாவித்தால் நான்கைந்து வருடம் உழைக்க வேண்டிய பற்றரி, ஆறேழு மாதத்திலேயே செத்துப்போனால் அந்தக் குடும்பம் மறுபடியும் குப்பி விளக்குக்குத்தான் போகும். பிள்ளைகளின் படிப்பும் அந்த வெளிச்சத்தோடு போகும்.

இரண்டு கணக்குகள்

மின்சாதனம் ஒன்றைச் சோலரில் போடுவதற்கு முன் இரண்டு கணக்குகள் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள், அல்லது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கட்டுக்கரைக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அருவியாற்றுத் தேக்கத்திலிருந்து வாய்க்கால் வழியே குளத்துக்குத் தண்ணீர் வருகிறது. குளத்தில் அது சேர்கிறது. துருசைத் திறந்தால் வயலுக்குப் போகிறது. உங்கள் வீட்டுக் கூரையில் உள்ள சோலர் தகடுதான் வாய்க்கால். பற்றரிதான் குளம். நீங்கள் போடும் ஒவ்வொரு சாதனமும் ஒரு துருசு. துருசை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது ஒரு கணக்கு. அதை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம், மொத்தமாக எவ்வளவு தண்ணீர் போனது என்பது இன்னொரு கணக்கு.

மின்சாரத்தில் முதலாவதன் பெயர் வாற்று. சாதனத்தின் பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் அது எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதன் பெயர் வாற்று-மணி. வாற்றை, ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கினால் அது வரும். 10 வாற்று மின்குமிழ் 4 மணித்தியாலம் எரிந்தால் 40 வாற்று-மணி. மின்சார சபைப் பட்டியலில் வரும் ஒரு 'யூனிற்' என்பது இத்தகைய 1,000 வாற்று-மணி.

இனி வரவைப் பார்ப்போம். இப்பகுதிக் கிராமங்களில் நாம் அதிகம் காண்பது 50 வாற்றுத் தகடு ஒன்று, 12 வோல்ற்று 70 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று, 10 அம்பியர் சார்ஜ் கொன்ரோலர் ஒன்று என்ற அளவிலான தொகுதி. மன்னார் இலங்கையின் மிக வரண்ட, வெயில் மிகுந்த பகுதிகளில் ஒன்று. விடியற்காலை, பின்னேர வெயில்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணித்தியால முழு வெயிலுக்குச் சமமானது கிடைக்கும். 50 வாற்றை 5 ஆல் பெருக்கினால் 250. ஆனால் அது முழுவதும் கைக்கு வராது. தகரக் கூரையில் தகடு கொதிக்கும்போது அதன் உற்பத்தி குறையும் (வெயில் வேறு, வெப்பம் வேறு, தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது). செம்மண் புழுதி படியும். வயரிலும் பற்றரியிலும் கொஞ்சம் இழப்பு ஏற்படும். மூன்றில் ஒரு பங்கு கழித்தால் கையில் மிஞ்சுவது சுமார் 170 வாற்று-மணி. மாரியில், ஐப்பசி கார்த்திகையில் நாள் முழுக்க மூடிக் கிடந்தால் இதில் பாதிகூட வராது.

170 என்பது சிறிய எண்தான். ஆனால் 7 வாற்று மின்குமிழ் மூன்று, இரவில் 4 மணித்தியாலம் எரிய 84 போதும். வானொலிக்கு 15. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு 15. சிறிய கறுப்பு வெள்ளை ரீவி 2 மணித்தியாலம் பார்க்க 30. எல்லாம் சேர்த்தும் 150ஐத் தாண்டவில்லை. தொகுதி இந்த வேலைக்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. இந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

பற்றரித் தடையும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடும் இருந்த காலத்தில், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. சிக்கல் சிக்கனத்தில் அல்ல. இன்வேட்டர் என்ற பெட்டியை வாங்கிப் பூட்டியதும், "இப்ப எங்களிட்டையும் 230 வோல்ற்று இருக்கு" என்ற எண்ணம் வந்துவிடுவதில்தான் இருக்கிறது. இன்வேட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பற்றரியில் உள்ள 12 வோல்ற்றை 230 வோல்ற்றாக மாற்றித் தருகிறது. மாற்றியதற்குக் கூலியாக பத்தில் ஒன்று, சில வேளை ஐந்தில் ஒன்று தானே எடுத்துக்கொள்கிறது. குளம் அதே குளம்தான்.

சூடாக்கும் சாதனங்கள்

ஸ்திரிக்கைப்பெட்டி, மின்கேத்தல், ரைஸ் குக்கர், மின்னடுப்பு. இவற்றின் வேலை மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவது. வெப்பம்தான் மின்சாரத்தை மிக அதிகமாகத் தின்னும் வேலை.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பனியின் கேத்தலானாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், 30 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீர் 100 பாகைக்குப் போக 80 வாற்று-மணிக்குக் குறையாமல் வேண்டும். அது தண்ணீரின் இயல்பு. சிக்கனமான கேத்தல் என்று ஒன்று கிடையாது. கேத்தலின் இழப்பு, இன்வேட்டரின் கூலி எல்லாம் சேர்த்தால் 110 வரும். ஐந்தாறு கோப்பைத் தேநீருக்கு உங்கள் ஒரு நாள் வரவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதே தண்ணீரைச் சில சுள்ளி விறகில் கொதிக்க வைக்கலாம்.

ரைஸ் குக்கர் 500 வாற்று, அரை மணித்தியாலம்: 250 வாற்று-மணி. ஒன்றரை நாள் வரவு, ஒரு வேளைச் சோற்றுக்கு. 1,000 வாற்று ஸ்திரிக்கைப்பெட்டி விட்டுவிட்டு எரிந்தாலும் அரை மணித்தியாலத்தில் அதே 250ஐ எடுத்துவிடும்.

இது 'எவ்வளவு' என்ற கணக்கு. 'எவ்வளவு அகலம்' என்ற கணக்கு இதைவிட மோசம். 1,000 வாற்றை 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து எடுக்க வேண்டுமானால், இழப்பும் சேர்த்து 90 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். உங்கள் பற்றரியில் 70 அம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்து "முக்கால் மணித்தியாலம் தாங்கும்" என்று கணக்குப் போட்டால் பிழைத்துவிடும். அந்த எண், பொதுவாக 20 மணித்தியாலத்தில் மெதுவாக, சுமார் 3.5 அம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. அவசரமாக எடுத்தால் அதில் பாதியளவுதான் வரும். குளத்தில் தண்ணீர் இருந்தும் துருசுக்கு வந்து சேராத நிலை போல. பற்றரியின் வோல்ற்று சட்டென்று விழும், இன்வேட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிடும். "இன்வேட்டர் பழுது" என்று பலர் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் இதனால்தான். அது பழுதில்லை, தன்னையும் பற்றரியையும் காப்பாற்றத்தான் அது நிற்கிறது.

பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைக் கசங்கலோடு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. இதற்கு நாங்கள் கண்ட நல்ல வழி பழைய வழிதான்: சிரட்டைக்கரி போடும் ஸ்திரிக்கைப்பெட்டி. இல்லாதவர்கள் நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு பின்னேரம் ஒரு வீட்டில் கரி மூட்டினால் எல்லா வீட்டுச் சீருடைகளும் முடிந்துவிடும்.

மோட்டர் உள்ள சாதனங்கள்

இங்கே கதை வேறு. கிறைண்டர், மின்விசிறி, தையல் இயந்திர மோட்டர் ஆகியவை வெப்பத்துக்காக அல்ல, சுழலுவதற்காக மின்சாரம் எடுப்பவை. சுழலுவதற்குத் தேவையானது குறைவு. மேசை மின்விசிறி 40 முதல் 50 வாற்று. தையல் இயந்திர மோட்டர் சுமார் 100 வாற்று. அதுவும் காலால் அழுத்தும்போது மட்டும்தான். (காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஏற்கெனவே இருந்தால் அதற்கு மோட்டர் பூட்டுவதைவிட, அந்தக் காசில் தைக்கும் இடத்துக்கு நல்லதொரு மின்குமிழ் போடுவது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். இரவில் தைக்க முடிந்தால்தான் வருமானம் கூடும்.)

கிறைண்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தபோது ஆட்டுக்கல்லையும் அம்மியையும் உரலையும் யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. திரும்பி வந்தபோது பலரின் வளவில் அவை இருக்கவில்லை. தோசை, இடியப்பம் செய்து விற்று வாழ்வாதாரம் தேடும் பெண்களுக்கு மா அரைப்பதுதான் முதல் தடை. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய சிலர் மிக்சியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இங்கும் மின்சாரம் ஒரே வகைதான், 230 வோல்ற்று. ஆகவே அந்த மிக்சி இங்கும் ஓடும். கேள்வி, சோலர் தாங்குமா என்பது.

500 வாற்று மிக்சியை 5 நிமிடம் ஓட்டினால் செலவு, இழப்போடு சேர்த்து 50 வாற்று-மணி. தேங்காய்ச் சம்பலுக்கும் கறித்தூளுக்கும் 2 நிமிடம் போதும், அதற்கு 20. இது கட்டுப்படியாகும். ஆனால் அந்த 5 நிமிடமும் பற்றரியிலிருந்து 50 அம்பியர் ஓடும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. 70 அம்பியர்-மணிப் பற்றரிக்கு இது பெரும் சுமை. எப்போதாவது ஒரு நாள், பற்றரி புதிதாக, முழுதாக நிறைந்திருக்கும்போது, நல்ல வெயில் நேரத்தில் ஓடலாம். தினமும் வியாபாரத்துக்கு மா அரைக்க அது தாங்காது.

இதற்கு மாற்று இருக்கிறது. கல் சுற்றும் மேசைக் கிறைண்டரின் மோட்டர் 150 வாற்று அளவுதான். இரண்டு லீற்றர் மா அரைக்க அரை மணித்தியாலம் எடுக்கும். மிக்சியைவிட மெதுவானது, ஆனால் அது கேட்பது 15 அம்பியர் மட்டும். மொத்தச் செலவு 90 வாற்று-மணி. 50 வாற்றுத் தகட்டோடு இன்னொரு 50 வாற்றுத் தகட்டைச் சேர்த்து, பற்றரியை 100 அம்பியர்-மணிக்குக் கூட்டினால், வீட்டு வெளிச்சத்தையும் குறைக்காமல் தினமும் மா அரைக்கலாம். இரண்டு தகடும் சேர்ந்து தரும் மின்னோட்டம் சார்ஜ் கொன்ரோலரின் அளவைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு 50 வாற்றுத் தகடுகளுக்கு 10 அம்பியர் கொன்ரோலர் போதும், அதற்கு மேல் போதாது. அதிக வாற்று உள்ளதே நல்ல சாதனம் என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. சோலர் வீட்டுக்கு மெதுவாக வேலை செய்யும் சாதனமே நல்ல சாதனம்.

எப்போது அரைப்பது? பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில். அப்போது தகட்டிலிருந்து வரும் மின்சாரமும் சேர்ந்து உதவும். பற்றரி முழுச் சுமையையும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அரைத்து முடிந்த பிறகும் மூன்று மணித்தியால வெயில் மிஞ்சியிருக்கும். எடுத்ததை அது திருப்பி நிரப்பும். மா இரவில் புளிக்க வேண்டியது எப்படியும் இருக்கிறது. இரவில் அரைத்தால், பிள்ளை படிக்க வைத்திருந்த வெளிச்சத்தைத்தான் அரைக்கிறோம்.

இன்வேட்டரைத் தெரிவு செய்வதில் இரண்டு விடயம். பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் ஒரு கணம் மட்டும் தரக்கூடிய அளவு. தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதியாக இருக்கலாம். தொடர்ச்சியான அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 150 வாற்றுக் கிறைண்டருக்கு 600 வாற்று இன்வேட்டர் வேண்டும். காரணம் தொடக்க இழுப்பு. அடுத்து, மலிவான இன்வேட்டர்கள் தரும் மின்சாரம் மின்சார சபையின் மின்சாரத்தைப் போல வழுவழுப்பாக ஏறி இறங்குவதில்லை, படி படியாக ஏறி இறங்கும். மின்குமிழுக்கும் போன் சார்ஜருக்கும் அது பெரும்பாலும் போதும். மோட்டர் அதில் இரையும், சூடாகும், சில மாதங்களில் கருகும். மோட்டருக்கென்றால் 'சுத்தமான சைன் அலை' இன்வேட்டர் கேளுங்கள். விலை கூடத்தான், கிறைண்டரும் உயிரோடு இருக்கும்.

வேலை முடிந்ததும் இன்வேட்டரை நிறுத்துங்கள். எதுவும் பூட்டாமல் சும்மா விட்டாலும் அது 6 முதல் 10 வாற்று வரை குடித்துக்கொண்டிருக்கும். 6 வாற்று என்றே வைத்தாலும், 24 மணித்தியாலத்தில் 144 வாற்று-மணி. உங்கள் ஒரு நாள் வரவு 170. "ஒண்டும் போடேல்லை, ஆனா காலமை பற்றரி இறங்கிக் கிடக்கு" என்ற முறைப்பாட்டோடு வந்தவர்கள் வீட்டில் முதலில் நாங்கள் தேடுவது, மூலையில் எரிந்துகொண்டிருக்கும் இன்வேட்டரின் அந்தச் சிறு பச்சை விளக்கைத்தான். போனை 12 வோல்ற்றுச் சார்ஜரால், மின்குமிழை நேரடியாக 12 வோல்ற்றில் எரியவிட்டால் இன்வேட்டரே தேவையில்லை.

வயரும் நெருப்பும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தவறாமல் வாசியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

12 வோல்ற்று ஆளைத் தூக்கி அடிக்காது. அதனால் அது ஆபத்தில்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது வீட்டை எரிக்கும். வோல்ற்று குறைவாக இருப்பதால்தான் அம்பியர் கூடுகிறது. அம்பியர் கூடினால் வயர் சூடாகிறது. வீட்டு மின்குமிழுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 மீற்றர் எடுத்து, பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் இடையில் பூட்டி, 50 அம்பியர் கேட்கும் மிக்சியைப் போட்டால், அந்த வயரே கிட்டத்தட்ட 6 வோல்ற்றைத் தின்றுவிடும். 12இல் பாதி. மிக்சி ஓடாது. அந்த மின்சாரம் வயரில் சுமார் 300 வாற்று வெப்பமாக வெளிவரும். வயரின் தோல் உருகி, கிடுகில் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தற்காலிக வீடுகளில் பெரும்பாலானவை கிடுகும் தறப்பாளும்தான்.

ஆகவே இன்வேட்டரைப் பற்றரிக்கு ஒரு மீற்றருக்குள் வையுங்கள். நீளமாக ஓட வேண்டியது 230 வோல்ற்று வயர், 12 வோல்ற்று வயர் அல்ல. 50 அம்பியர் ஓடும் இடத்தில் 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் வேண்டும். உழவு இயந்திரத்தின் பற்றரி வயர் அளவுக்குத் தடிப்பானது. நுனிகளை வெறுமனே முறுக்கிச் சுற்றாமல், காது வைத்து நெரித்து, இறுக்கிப் பூட்டுங்கள். தளர்ந்த இணைப்பும் சூடாகும். பற்றரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் வயரில், முனைக்குப் பக்கத்திலேயே ஓர் உருகி இருக்க வேண்டும். உருகி போனால் அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ சிகரட் தாளோ வைக்க வேண்டாம். இன்வேட்டரின் 230 வோல்ற்றுப் பக்கம் மின்சார சபையின் மின்சாரத்தைப் போலவே உயிரை எடுக்கும். அதை ஈரக்கையால் தொடாதீர்கள்.

இன்வேட்டரைச் சார்ஜ் கொன்ரோலரின் 'லோட்' முனையில் பூட்டக்கூடாது. அந்த முனை 10 அம்பியருக்கானது. கிறைண்டர் ஓடத் தொடங்கிய முதல் கணமே அது கருகும். இன்வேட்டரை நேரே பற்றரியில்தான் பூட்ட வேண்டும். ஆனால் அப்படிப் பூட்டும்போது ஒரு பாதுகாப்பை இழக்கிறோம். பற்றரி இறங்கினால் கொன்ரோலர் மின்குமிழை நிறுத்திவிடும். இன்வேட்டரை நிறுத்த அதனால் முடியாது. இன்வேட்டர் தானே நிற்கும்தான், ஆனால் பெரும்பாலும் 10.5 வோல்ற்று வரை இறங்கிய பிறகு. அதற்குள் பற்றரிக்குச் சேதம் நடந்துவிடும். ஆகவே ஒரு சிறிய வோல்ற்றுமானி வாங்கிப் பற்றரிக்குப் பக்கத்தில் பூட்டுங்கள். எதுவும் ஓடாமல், சார்ஜும் ஏறாமல், கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும்போது 12.6 அல்லது 12.7 காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. அன்றைக்கு அதற்கு மேல் எடுக்க வேண்டாம். 11.8 என்றால் குளம் வற்றிவிட்டது.

பற்றரி வாங்கும்போது கார், லொறிப் பற்றரியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது இயந்திரத்தை ஸ்ராட் பண்ண ஒரு கணம் பெரும் மின்சாரம் தரப் பழகியது. பாதி வரை இறங்கி ஏறி, இறங்கி ஏறி என்று தினமும் வேலை செய்தால் சில மாதங்களில் படுத்துவிடும். சோலருக்கென்று செய்யப்பட்ட பற்றரியையே கேளுங்கள்.

தண்ணீர்

அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 550, 600 வாற்று எடுக்கும். தொடங்கும் கணத்தில் 2,000 வாற்றுக்குமேல் கேட்கும். ஒரு மணித்தியாலம் இறைத்தால் மூன்றரை நாள் வரவு. சிறிய தொகுதியில் இதைப் பூட்டியவர்கள் எல்லோரும் கைவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் வேறு விதமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து 1,000 லீற்றர் தண்ணீரை மேலே தூக்க உண்மையில் தேவைப்படுவது 22 வாற்று-மணி மட்டுமே. சிறிய பம்பின் இழப்புகளையெல்லாம் சேர்த்தாலும் 75. இது ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் செலவைவிடக் குறைவு. பெரிய மோட்டர் பெரிதாக இருப்பது தண்ணீர் பாரமானது என்பதற்காக அல்ல. பத்து நிமிடத்தில் தாங்கி நிறைய வேண்டும் என்ற அவசரத்துக்காக. அவசரத்தைக் கைவிட்டால், 12 வோல்ற்றில் ஓடும் சிறிய பம் ஒன்றை 80 வாற்றுத் தகடு ஒன்றோடு நேரடியாகப் பூட்டி, நடுப்பகலில் ஒன்றரை இரண்டு மணித்தியாலத்தில் 1,000 லீற்றர் தாங்கியை நிரப்பலாம். பற்றரியும் வேண்டாம், இன்வேட்டரும் வேண்டாம். மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரைச் சேமிக்கிறோம். தண்ணீர்த் தாங்கி பற்றரியைவிட மலிவு, நெடுநாள் உழைக்கும். வீட்டுத் தேவைக்கும் கத்தரி, மிளகாய் கொஞ்சம் நட்ட வீட்டுத் தோட்டத்துக்கும் இது போதும். அரை ஏக்கர் தோட்டத்துக்குப் போதாது. அதற்கு இன்றைக்கு மண்ணெண்ணெய்ப் பம்தான். வறண்ட கிணற்றில் பம் ஓடினால் கெட்டுப்போகும். ஆடி ஆவணியில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ்

கடை வைத்திருப்பவர்களும், வங்காலைப் பக்கம் மீன் வியாபாரம் செய்பவர்களும் கேட்பது இது. வீட்டுப் பிரிட்ஜ் ஒன்று எங்கள் வெக்கையில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு யூனிற் எடுக்கும். அதை ஓட்ட 50 வாற்றுத் தகடு எட்டும், 75 அம்பியர்-மணிப் பற்றரி நான்கும் வேண்டும். அதுவும் இன்வேட்டர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது சிறிய தொகுதி அல்ல. சோடா குளிராக விற்று வரும் இலாபம் அந்தப் பற்றரிகளின் தேய்மானத்துக்குக்கூடக் காணாது. மின்சார இணைப்பில்லாத மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் சோலர் குளிர்பெட்டிகளைப் பார்த்துவிட்டு "அங்கே ஓடுதே" என்று கேட்பார்கள். அவை அதற்கென்றே தடித்த சுவரோடு, இன்வேட்டர் இல்லாமல் நேர்மின்னோட்டத்தில் ஓடச் செய்யப்பட்டவை, விலையும் அதற்கேற்றது. மீனுக்கு ஐஸ் பெட்டியும் மன்னார் ஐஸும்தான் இப்போதைக்கு வழி.

தொகுதியைப் பெருப்பிக்கலாமா?

பெருப்பிக்குமுன் ஒன்று கேளுங்கள்: மின்சார சபையின் கம்பி எப்போது வரும்? போரில் அழிந்த கம்பங்களும் கம்பிகளும் போருக்குப் பின் ஒவ்வொரு வீதியாக மீண்டும் போடப்பட்டன. உங்கள் வீதியின் முறை அடுத்த வருடமா, ஐந்து வருடம் கழித்தா என்பதைப் பொறுத்துச் சரியான முடிவு மாறும். கிராம அபிவிருத்திச் சங்கம் மூலமாக மின்சார சபையின் மன்னார் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் விசாரியுங்கள்.

இதற்கு ஊவா மாகாணம் போன்ற இடங்களின் அனுபவம் உதவும். உலக வங்கியின் உதவியோடு 2002இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டத்தின் கீழ் இலங்கையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளுக்குச் சோலர் தொகுதிகள் கடன் அடிப்படையில் கிடைத்தன. மின்கம்பி எட்டாத வீடுகளில் அவை வெளிச்சம் தந்தன. ஆனால் கடன் தீர முன்பே கம்பி வந்த கிராமங்களில், கூரையில் சும்மா கிடக்கும் தகட்டுக்குத் தவணை கட்ட வேண்டிய நிலை பலருக்கு வந்தது. கம்பி விரைவில் வரும் வீதியில் இருப்பவர் பெரிய பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் கடன்பட வேண்டாம். வெளிச்சத்துக்குரிய சிறிய தொகுதியோடு பொறுத்திருப்பதே புத்தி.

கம்பி வரத் தாமதமாகும் இடங்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பெரிய தொகுதி என்பதைவிட, மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு பொதுத் தொகுதி நல்லது. பத்துக் குடும்பம் தலைக்கொரு தகடு போடும் காசில், இரண்டு மேசைக் கிறைண்டரும் தையல் இயந்திரங்களும் பகலெல்லாம் ஓடும் அளவுக்கு ஒன்றைப் பூட்டலாம். இதில் வரும் சண்டை மின்சாரத்தைப் பற்றியதாக இருக்காது, முறையைப் பற்றியதாக இருக்கும். யாருக்கு எந்த நாள், பற்றரி மாற்றும் காசை மாதம் எவ்வளவு சேர்ப்பது, திறப்பு யாரிடம் என்பதைத் தகடு வாங்குமுன்பே கூட்டத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பற்றரிக் காசு சேராத தொகுதி, முதல் பற்றரியோடு முடிந்துவிடும்.

பராமரிப்பு

தகட்டை வாரம் ஒருமுறை காலையில், அது சூடாகுமுன், நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள். கடற்கரைப் பக்கத்தவர்களுக்கு உப்புப் படியும், வாரத்துக்கு இரண்டு முறை. பனையோலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் தகடு முழுவதன் உற்பத்தியும் வெகுவாகக் குறையும். காலை, மதியம், பின்னேரம் மூன்று முறை வெளியே வந்து நிழலைப் பாருங்கள். பற்றரியின் மூடிகள் கழற்றக்கூடியவையாக இருந்தால் மாதமொருமுறை திறந்து, மட்டம் குறைந்த அறைகளுக்குப் பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்தது) மட்டும் விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதை விட்டால் பற்றரி கெடும். அசிட்டும் விட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றும். ஆகவே பற்றரியைச் சமையல் மூலையிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத மரப்பெட்டியில் வையுங்கள்.

செத்த பற்றரியைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ போட வேண்டாம். அதற்குள் இருப்பது ஈயமும் அமிலமும். மண்ணில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரில் கலக்கும். அசிட்டை நிலத்தில் ஊற்றிவிட்டு ஈயத்தை வீட்டில் உருக்கி வலைக்குக் கட்டும் பழக்கம் கரையோரத்தில் சிலரிடம் இருக்கிறது. அந்தப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய பற்றரியை அசிட்டோடு, கவிழாமல் நிமிர்த்தி வைத்து, புதியது வாங்கும் கடைக்கே கொண்டுபோங்கள். பழைய பற்றரிக்கு விலை உண்டு. புதியதன் விலையில் அதைக் கழித்துத் தரும்படி கேளுங்கள்.